இத்தாலிய உணவுச் சொற்கள்

இத்தாலிய உணவுச் சொற்கள் என்பன இத்தாலிய மொழியில் உணவுப்பொருள்கள், சமையல் முறைகள், அடுக்களைக் கருவிகள், உண்ணும் வேளைகள் முதலியவற்றைக் குறிக்கும் அன்றாடச் சொற்கள் ஆகும். பீட்சா, பாஸ்தா, ரிஸோத்தோ போன்றவை உலகெங்கும் அறியப்பட்டவை. எனினும் இவ்வாறு பரவியவை பெரும்பாலும் பண்டங்களின் பெயர்களே. கடையில் நூறு கிராம் பாலாடைக்கட்டி கேட்பதற்கும், "இதில் இறைச்சிச் சாறு உள்ளதா?" என்று வினவுவதற்கும் அப்பெயர்கள் போதா. வினைச்சொற்கள், பெயர்ச்சொற்களின் பால், "உடன்", "இன்றி" எனப் பொருள் தரும் சிறு சொற்கள் ஆகியனவும் சேர்ந்தே அடுக்களை மொழி ஆகின்றது. இக்கட்டுரை அச்சொற்களைத் தமிழ் பேசுவோர் கற்கும் நோக்கில் விளக்குகின்றது.

தமிழரும் இத்தாலிய மொழியும்

தமிழுக்கும் இத்தாலிக்கும் உள்ள தொடர்பு என்றவுடன் நினைவுக்கு வருபவர் வீரமாமுனிவர் (1680–1747). இவர் வட இத்தாலியில் மாந்தோவாவுக்கு அருகிலுள்ள கஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் ஊரில் பிறந்தவர். காவிரி, கொள்ளிடக் கரை ஊர்களில் நெடுங்காலம் வாழ்ந்து, 1732-ல் சதுரகராதியைத் தொகுத்தார். இவர் ஆக்கிய இருமொழி, மும்மொழி அகராதிகள் தமிழோடு இலத்தீனையும் போர்த்துக்கேயத்தையும் இணைத்தவை. தாய்மொழியான இத்தாலியம் அவற்றில் இடம்பெறவில்லை. அக்காலச் சமயப் பணியாளரின் பொதுமொழிகள் அவ்விரண்டுமே ஆகும்.

இத்தாலியத்தை வாழ்க்கைத் தேவைக்காகக் கற்ற தமிழருள் பெரும்பான்மையோர் இலங்கைத் தமிழராவர். 1980களிலிருந்து இவர்கள் சிசிலித் தீவின் தலைநகரான பாலெர்மோவில் குடியேறினர். அந்நகரின் காவல் புனிதரான சாந்தா ரொஸாலியாவின் குகைக்கோயில் அமைந்துள்ள பெல்லெக்ரீனோ மலைக்குக் கத்தோலிக்கரோடு இந்துத் தமிழரும் சென்று வழிபடுவது பலராலும் குறிப்பிடப்படுகின்றது. குடியேறியோரில் பலர் வீட்டுப்பணி, முதியோர் பராமரிப்பு, உணவகச் சமையலறைப் பணி ஆகியவற்றில் சேர்ந்தனர். அதனால் இவர்களுக்கு இத்தாலிய மொழியின் முதற்பாடம் பெரும்பாலும் பிறர் வீட்டு அடுக்களையிலேயே தொடங்கியது. வீட்டுக்காரர் "பென்தொலா" கேட்கும்போது "பதெல்லா"வை எடுத்துக் கொடுத்தால் வேலை தடைப்படும். முன்னது ஆழமான பானை, பின்னது தட்டையான பொரிக்கும் சட்டி.

2010 திசம்பர் முதல், நீண்டகால வதிவிட உரிமம் பெற விரும்பும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள நாட்டவர் ஏ2 நிலை இத்தாலியத் தேர்வில் தேற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2018 திசம்பர் முதல் குடியுரிமைக்கு பி1 நிலை தேவைப்படுகின்றது. பொருள் வாங்குதல், உணவு கேட்டுப் பெறுதல் ஆகியன ஏ2 நிலையில் எதிர்பார்க்கப்படும் திறன்களாகும்.

பலுக்கல்

இத்தாலியம் பெரும்பாலும் எழுதியவாறே பலுக்கப்படும் மொழி. தமிழர் இதனை ஆங்கிலத்தின் வழியாகக் கற்கும்போது தேவையற்ற சில பிழைகள் புகுந்துவிடுகின்றன. அவற்றுள் முதன்மையானது "ட" ஒலி ஆகும். பாஸ்டா, ரிசோட்டோ, லாட்டே என்று எழுதுவது ஆங்கிலப் பலுக்கலைப் பின்பற்றியது. இத்தாலிய ஒலி நாநுனி பல்லைத் தொடப் பிறப்பது. தமிழின் தகரத்துக்கே நெருங்கியது. பாஸ்தா, ரிஸோத்தோ, லாத்தே என்பனவே மூலத்துக்கு அண்மையான வடிவங்கள்.

இரட்டித்த மெய்யும் அவ்வாறே. "பத்து" என்பதற்கும் "பாதி" என்பதற்கும் இடையே தகரம் ஒலிக்கும் அளவு வேறுபடுவதைத் தமிழர் செவி எளிதில் அறியும். ஆங்கிலேயர் இடர்ப்படும் இவ்விடம் தமிழருக்குத் தடையன்று. "ஸேதே" என்றால் தாகம். "ஸெத்தே" என்றால் ஏழு. "பாலா" என்பது அடுப்பிலிருந்து பீட்சாவை எடுக்கும் துடுப்பு. "பல்லா" என்பது பந்து. இறகு வடிவப் பாஸ்தாவான "பென்னே"யில் இரட்டிப்பைத் தவறவிட்டால் அது அவையில் சொல்லத்தகாத வேறொரு சொல்லாகிவிடும். புதிதாகக் கற்போர் இதனை முதல் வாரத்திலேயே அறிந்துகொள்வது நலம்.

தமிழில் ஞகரம் இருப்பதும் ஓர் உதவியே. உருளைக்கிழங்கு உருண்டைகளான "ஞொக்கி"யின் முதலொலி "ஞாயிறு" என்பதன் முதலொலியே. இச்சொல் ஆங்கில வழியில் "நோக்கி" ஆகிவிடுகின்றது. "லஸாஞ்ஞா"வும் இத்தகையதே. வறுத்த ரொட்டித் துண்டுகளான "ப்ரூஸ்கெத்தா"வைப் "புருஷெட்டா" என்பது பரவலான பிழை. இத்தாலிய எழுத்துக்கூட்டில் சி, எச் இரண்டும் சேர்ந்து வந்தால் ககர ஒலியே.

தமிழருக்கு உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. ஒலிப்புடைய வல்லினத்தையும் ஒலிப்பிலா வல்லினத்தையும் தமிழ் எழுத்து பிரித்துக் காட்டுவதில்லை. மாவுப் பண்டமாகிய பாஸ்தாவும், "போதும்" எனப் பொருள்படும் பாஸ்தாவும் தமிழில் ஒரே வடிவில் எழுதப்படும். இத்தாலியத்திலோ முன்னது "பாட்டு" என்பதில் உள்ள பகர ஒலியில் தொடங்குகின்றது. பின்னது "கம்பு" என்பதில் மகரத்தை அடுத்து ஒலிக்கும் பகரத்தில் தொடங்குகின்றது. பரிமாறும்போது "போதும்" என்று கையை மறிப்பவருக்கு மேலும் ஒரு கரண்டிப் பாஸ்தா விழுவதற்கு இவ்வொலி மயக்கம் போதுமானது. எனவே சொற்களைத் தமிழ் எழுத்தில் மட்டும் குறித்து மனப்பாடம் செய்வது பரிந்துரைக்கத்தக்கதன்று. காதால் கேட்டுப் பழக வேண்டும். இக்கட்டுரையில் "ச" என்பது "பச்சை" என்பதிலுள்ள ஒலியையும், "ஸ" என்பது ஸகர ஒலியையும் குறிக்கும்.

பாலும் எண்ணும்

தமிழில் உணவுப்பொருள்கள் அனைத்தும் அஃறிணை. இத்தாலியத்திலோ ஒவ்வொரு பெயருக்கும் ஆண்பால் அல்லது பெண்பால் உண்டு. தட்டு (ப்யாத்தோ) ஆண்பால். முட்கரண்டி (ஃபொர்கெத்தா) பெண்பால். கத்தி (கொல்தெல்லோ) ஆண்பால். இதற்குக் காரணம் தேடுவதில் பயனில்லை. ஓகாரத்தில் முடிவன பெரும்பாலும் ஆண்பால், பன்மையில் இகரமாகும். ஆகாரத்தில் முடிவன பெரும்பாலும் பெண்பால், பன்மையில் ஏகாரமாகும் என்ற விதியே தொடக்கநிலையில் போதும். "பனீனோ" ஒரு ரொட்டிப்பொதி, "பனீனி" பல. சென்னைச் சிற்றுண்டிக் கடைகளில் "ஒரு பனீனி" என்று கேட்பது இத்தாலியக் காதுக்கு "ஒரு இட்லிகள்" என்பது போன்றது. முட்டை ஒருமையில் ஆண்பால் (வோவோ), பன்மையில் பெண்பால் (வோவா) ஆகும் விந்தையும் உண்டு.

பழங்களில் ஓர் ஒழுங்கு காணப்படுகின்றது. மரம் ஆண்பால், கனி பெண்பால். "மேலோ" ஆப்பிள் மரம், "மேலா" ஆப்பிள் பழம். "அரான்சோ" ஆரஞ்சு மரம், "அரான்சா" அதன் பழம். எலுமிச்சை (லிமோனே) இதற்கு விதிவிலக்கு. மரமும் கனியும் ஆண்பாலே.

சொல்லின் பால் ஊர்ப்பெருமையாகவும் மாறுவதுண்டு. சோற்றைப் பிசைந்து உருட்டி, உள்ளீடு வைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்கும் சிசிலிப் பண்டம் பாலெர்மோவில் "அரன்சீனா" எனப் பெண்பாலிலும், தீவின் கிழக்கிலுள்ள கத்தானியாவில் "அரன்சீனோ" என ஆண்பாலிலும் வழங்குகின்றது. இரு ஊராரும் மற்றவர் சொல் பிழை என்று நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். பொருள் "சிறு ஆரஞ்சு" என்பதே. பாலெர்மோ நகரத்தார் திசம்பர் 13-ல், சாந்தா லூசியா திருநாளன்று, கோதுமை ரொட்டியையும் பாஸ்தாவையும் விலக்கி அரன்சீனாவையும், அவித்த முழுக்கோதுமையில் செய்யும் "குச்சீயா"வையும் உண்பர். பஞ்சக் காலத்தில் தானியக் கப்பல் வந்து சேர்ந்தபோது மாவாக அரைக்கவும் பொறுக்காமல் மக்கள் தானியத்தை அப்படியே அவித்து உண்டனர் என்பது இதற்குச் சொல்லப்படும் மரபுக்கதை.

சொல்லின் ஈறு அளவையும் காட்டும். இவ்வறிவு பாஸ்தா வகைகளை நினைவில் கொள்ள மிகவும் உதவும். "ஸ்பாகோ" என்றால் கயிறு, "ஸ்பகெத்தி" சிறுகயிறுகள். "ஓரெக்கியோ" காது, "ஒரெக்கியெத்தே" சிறுகாதுகள். "லிங்குவீனே" சிறுநாக்குகள், "வெர்மிசெல்லி" சிறுபுழுக்கள், "ஃபர்ஃபால்லே" பட்டாம்பூச்சிகள். தமிழகத்தில் பாயசத்துக்குச் சேமியா வாங்கும்போது உறையில் காணும் வெர்மிசெல்லி என்ற பெயரின் பொருள் இத்தாலியம் அறியாதவரை எவரையும் உறுத்துவதில்லை.

நெல், அரிசி, சோறு

கீழ்வேளூர், திருவாரூர், மன்னார்குடி முதலிய காவிரிப் படுகை வட்டாரங்களில் வயலில் நிற்பது நெல், குத்தியபின் அரிசி, வெந்தபின் சோறு. இத்தாலியத்தில் உமி நீங்காத நெல்லுக்கு "ரிஸோனே" என்ற சொல் உள்ளது. ஆனால் அரிசிக்கும் சோற்றுக்கும் "ரீஸோ" என்ற ஒரே சொல்தான். (இச்சொல்லுக்குச் சிரிப்பு என்ற பொருளும் உண்டு, அது வேறொரு வேரிலிருந்து வந்த வேறு சொல்.) நெல்வயல் "ரிஸாயா", உமி "லொல்லா", தவிடு "க்ரூஸ்கா".

இத்தாலி ஐரோப்பிய ஒன்றியத்தில் மிகுதியாக நெல் விளைவிக்கும் நாடு. போ ஆற்றுச் சமவெளியிலுள்ள வெர்செல்லி, நொவாரா, பவீயா ஆகியன முதன்மையான நெல் மாவட்டங்கள். கடைகளில் விற்கும் "அர்போரியோ" அரிசி வெர்செல்லி மாவட்டத்திலுள்ள ஓர் ஊரின் பெயரைப் பெற்றது. வீரமாமுனிவரின் மாந்தோவாப் பகுதியும் நெல்நாடே. அங்குச் செய்யப்படும் "ரீஸோ அல்லா பிலோதா" என்னும் உணவு, நெல் குத்தும் தொழிலாளரின் பெயரால் அமைந்தது. "பீலா" என்பது உரல். அதில் நெல் குத்துவோர் "பிலோதி". இதில் பன்றியிறைச்சி சேரும் என்பதை உண்ணப் புகுமுன் அறிந்திருத்தல் வேண்டும்.

"மொந்தாரே" என்பது பல சமையற்குறிப்புகளில் வரும் வினை. கீரையில் முற்றிய தண்டையும் அழுகிய இலையையும் நீக்கி ஆய்தல் என்பது இதன் பொருள். வயலில் நின்று களை பறித்த பெண்களுக்கு "மொந்தீனா" என்ற பெயரும் இவ்வினையிலிருந்தே பிறந்தது. முழங்கால் நீரில் குனிந்து களை பறித்தும் நாற்று நட்டும் வேலை செய்த இப்பெண்கள் 1906-ல் வெர்செல்லியில் எட்டு மணி நேர வேலைநாள் கேட்டுப் போராடினர். 1949-ல் வெளிவந்த "ரீஸோ அமாரோ" (கசப்பு அரிசி) என்ற திரைப்படம் இவர்களைப் பற்றியது. களைக்கொல்லிகளும் எந்திரங்களும் வந்தபின் அத்தொழில் மறைந்துவிட்டது. வினை மட்டும் அடுக்களையில் நிலைத்துள்ளது.

தவிட்டைக் குறிக்கும் க்ரூஸ்காவுக்கு மொழி வரலாற்றிலும் இடம் உண்டு. ஃபிளாரன்ஸ் நகரில் 1583-ல் தோன்றிய இத்தாலிய மொழிக் கழகத்தின் பெயர் "அக்கதேமியா தெல்லா க்ரூஸ்கா", அதாவது தவிட்டுக் கழகம். மாவிலிருந்து தவிட்டைச் சலித்து நீக்குவது போல நல்ல சொற்களைப் பிரித்தெடுப்பது அதன் நோக்கம். இக்கழகத்தின் அகராதி 1612-ல் வெளிவந்தது. அரன்சீனா, அரன்சீனோ வழக்கில் இரண்டும் சரியே என்று இக்கழகம் கூறியுள்ளது. வழக்கு அதனால் ஓய்ந்ததாகத் தெரியவில்லை.

1861-ல் இத்தாலி ஒன்றுபட்டபோது பொதுமொழியைப் பேசியோர் மிகச் சிறுபான்மையினரே. ஒவ்வொரு வட்டாரமும் தன் பேச்சிலேயே சமைத்தது. பெல்லெக்ரீனோ அர்தூஸி 1891-ல் தம் சொந்தச் செலவில் வெளியிட்ட சமையல் நூல், பல வட்டார உணவுகளையும் ஒரே பொதுமொழியில் எழுதிக் காட்டி வீடுதோறும் கொண்டு சேர்த்தது. பொது இத்தாலியம் பரவியதில் அந்நூலுக்குள்ள பங்கு பள்ளிப் பாடநூல்களின் பங்குக்கு ஒப்பானது என்று கருதுவோரும் உளர். இருப்பினும் வேறுபாடுகள் முற்றிலும் மறையவில்லை. தர்ப்பூசணி வடக்கே "அங்கூரியா", உரோமையில் "கொகோமெரோ". பாலெர்மோவின் பல்லரோ சந்தையில் ஒலிப்பதோ பெரும்பாலும் சிசிலியமே. பாடநூல் இத்தாலியம் மட்டும் கற்றவருக்கு அங்கே பாதிதான் விளங்கும்.

அடுக்களை வினைகள்

சமையற்குறிப்பைப் படிக்க இருபது வினைகள் தெரிந்தால் பெரும்பகுதி விளங்கிவிடும். தோலுரித்தல் "ஸ்புச்சாரே", நறுக்குதல் "தல்யாரே", பொடியாக அரிதல் "த்ரிதாரே", துருவுதல் "க்ரத்துஜாரே", பிசைதல் "இம்பஸ்தாரே", கிளறுதல் "மெஸ்கொலாரே", கொதித்தல் "பொல்லீரே", பொரித்தல் "ஃப்ரீஜ்ஜெரே", சுவை பார்த்தல் "அஸ்ஸஜ்ஜாரே". பாஸ்தா என்ற பெயரும் இம்பஸ்தாரே என்ற வினையும் ஒரே வேரினவை; பிசைந்த மாவு என்பதே பாஸ்தாவின் அடிப்படைப் பொருள்.

"ஸ்கொலாரே" என்பது வடித்தல். சோறு வடிக்கும் வழக்கமுள்ள படுகை மக்களுக்கு இச்சொல் உடனே மனத்தில் பதியும். ஆனால் இத்தாலியில் வடிக்கப்படுவது பெரும்பாலும் கோதுமையாலான பாஸ்தா. ரிஸோத்தோ செய்யும் அரிசியை வடிப்பதில்லை, கழுவுவதும் இல்லை. மாப்பசை கழுவலில் போய்விட்டால் ரிஸோத்தோவுக்குரிய குழைவு வாராது. அரிசியைக் கொழுப்பில் வறுத்து, சூடான சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறி, இறுதியில் அடுப்பிலிருந்து இறக்கி வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுழற்றுவர். இவ்விறுதிச் செயலுக்கு "மந்தெகாரே" என்று பெயர். வெண்பொங்கலை இறக்கும்போது நெய் விட்டுக் கிளறுவது இதற்கு நெருங்கியது எனலாம். பாஸ்தா வடித்த நீரையும் இத்தாலியர் முழுவதும் கொட்டிவிடுவதில்லை. ஒரு குவளை எடுத்து வைத்துக் குழம்பில் கலப்பர். அந்நீர் செய்யும் வேலை வடிகஞ்சி செய்யும் வேலையே.

"ஸொஃப்ரீத்தோ" என்பதைத் தாளிதம் என்று மொழிபெயர்ப்பதுண்டு. இது முழுவதும் பொருந்தாது. வெங்காயம், கேரட், செலரி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் மெல்லிய தீயில் நெடுநேரம் வதக்குவது ஸொஃப்ரீத்தோ. இதில் கடுகு வெடிக்கும் ஓசையோ காய்ந்த எண்ணெயின் விரைவோ இல்லை. இறுதியில் கொட்டுவதும் இல்லை. "வதக்கல்" என்பதே பொருத்தமான சொல். "அல் தென்தே" என்பது சொல்லுக்குச் சொல் "பல்லுக்கு" எனப் பொருள்படும். கடித்தால் சற்று எதிர்ப்புத் தரும் பதத்தைக் குறிக்கும். சமையற்குறிப்புகளில் உப்பு, மிளகு ஆகியவற்றுக்கு எதிரே காணப்படும் கியூ, பி என்னும் இரண்டு எழுத்துகள் "க்வான்தோ பாஸ்தா" என்பதன் சுருக்கம். தமிழ்ச் சமையல் நூல்களின் "தேவையான அளவு" இதுவே.

கடையிலும் உணவகத்திலும்

இத்தாலியக் கடைகளில் சிறு அளவுகள் பெரும்பாலும் கிராமில் கேட்கப்படுவதில்லை. நூறு கிராம் "உன் எத்தோ" எனப்படும். "தூயே எத்தி" என்றால் இருநூறு கிராம், "மெட்ஸோ கீலோ" என்றால் அரைக் கிலோ. விலைப்பலகையிலும் ஓர் எத்தோவின் விலை எழுதப்பட்டிருப்பதுண்டு. அதனைக் கிலோ விலையாகக் கருதி வாங்கியவர் பணம் செலுத்தும் இடத்தில் பத்து மடங்கைக் காண்பார்.

"எனக்கு வேண்டும்" என்பதை "வொர்ரேய்" என்ற பணிவு வடிவில் சொல்வது வழக்கம். "எனக்குப் பிடிக்கும்" என்ற தொடர் தமிழருக்கு மிக எளிது. இத்தாலியத்திலும் விரும்புபவர் நான்காம் வேற்றுமையில் வர, விரும்பப்படும் பொருள் எழுவாயாகும்: "மி ப்யாசே இல் ரீஸோ". பொருள் பன்மையாயின் வினையும் பன்மையாகும்: "மி ப்யாச்சொனோ லி ஸ்பகெத்தி". ஆங்கிலம் வழியாகக் கற்போர் இதனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துத் துன்புறுவர். தமிழிலிருந்து நேரே செல்வோருக்கு அத்துன்பம் இல்லை. பசி, தாகம் ஆகியவற்றை மட்டும் "உடையேன்" என்று சொல்ல வேண்டும்: "ஓ ஃபாமே" (பசிக்கிறது), "ஓ ஸேதே" (தாகமாக உள்ளது).

காலை உணவு "கொலத்ஸியோனே", மதிய உணவு "ப்ரான்த்ஸோ", இரவு உணவு "சேனா". உணவகப் பட்டியலில் "ப்ரீமோ" (முதலாவது) என்பதன் கீழ்ப் பாஸ்தா, ரிஸோத்தோ, சாறு வகைகளும், "ஸெகோந்தோ" (இரண்டாவது) என்பதன் கீழ் இறைச்சி, மீன் வகைகளும் இடம்பெறும். காய்கறிகள் "கொன்தொர்னோ" எனத் தனியே கேட்டுப் பெற வேண்டியவை. "கொபெர்தோ" என்பது உண்ணும் பண்டமன்று. பல இடங்களில் ஒவ்வோர் ஆளுக்கும் வசூலிக்கப்படும் இருக்கைக் கட்டணம். "லாத்தே" என்று மட்டும் கேட்டால் காப்பி வாராது, பால் வரும்.

உண்ணாதவற்றை விலக்கும் சொற்கள்

தமிழருள் மரக்கறி உண்போர், மாட்டிறைச்சி விலக்குவோர், பன்றியிறைச்சி விலக்குவோர் எனப் பலர் உளர். இவர்களுக்கு உணவுச் சொல்லறிவு ஒரு பொழுதுபோக்கு அன்று. மாட்டிறைச்சி "மான்ட்ஸோ", கன்றிறைச்சி "விதெல்லோ", பன்றியிறைச்சி "மயாலே". இவை வெளிப்படையானவை. "ப்ரொஷூத்தோ", "பன்செத்தா", "க்வன்சாலே", "ஸ்பெக்" ஆகிய பெயர்கள் தத்தம் பொருளைச் சொல்வதில்லை. நான்கும் பொதுவாகப் பன்றியிறைச்சியே. "ஸ்த்ரூத்தோ" என்பது பன்றிக்கொழுப்பு. சில ரொட்டி, பிஸ்கட் வகைகளின் உறையில் இச்சொல்லைக் காணலாம். "அச்சூகே", "அலீசி" இரண்டும் நெத்திலி இன மீன்கள். காய்கறிக் குழம்பிலும் சுவைக்காகக் கரைக்கப்படுவதுண்டு.

"கார்னே" (இறைச்சி) உண்பதில்லை என்று மட்டும் சொன்னால், மீன் கொண்டுவரப்படலாம். "ஸோனோ வெஜெதரியானோ" (பெண்ணாயின் "வெஜெதரியானா") என்று சொல்லி, "நே கார்னே நே பெஷ்ஷே" (இறைச்சியும் இல்லை மீனும் இல்லை) என்று சேர்ப்பது தெளிவு. அப்போதும் "ப்ரோதோ" என்னும் சாறு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். குங்குமப்பூ சேர்த்த மிலான் நகர ரிஸோத்தோவில் மரபுப்படி இறைச்சிச் சாறும் எலும்பு மச்சையும் சேரும். பட்டியலில் தெரிவதோ மஞ்சள் நிறச் சோறு மட்டுமே. "பன்னா கொத்தா" என்னும் இனிப்பை உறைய வைக்கும் பொருளுக்குக் "கொல்லா தி பெஷ்ஷே" (மீன் பசை) என்று பெயர். இன்று அது பெரும்பாலும் விலங்குத் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின்.

பாலாடைக்கட்டியும் ஆராயத்தக்கதே. பாலைத் திரிக்கும் "கால்யோ" விலங்கின் இரைப்பையிலிருந்தோ வேறு மூலங்களிலிருந்தோ பெறப்படும். பர்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் காப்புப்பெயர் பெற்ற பாலாடைக்கட்டிக்குக் கன்றின் இரைப்பையிலிருந்து பெற்ற கால்யோவையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. துளசியின் உறவுச்செடி இலையில் அரைக்கும் பெஸ்தோவிலும் இப்பாலாடைக்கட்டி சேர்வதால், இவ்வளவு நுணுக்கம் பார்ப்போர் அதனையும் விசாரிக்க வேண்டியிருக்கும். தாவர மூலத்தாலானது "கால்யோ வெஜெதாலே" என்று குறிக்கப்பட்டிருக்கும்.

எதிர்த்திசையில் ஏமாற்றும் பெயர்களும் உண்டு. "பெபெரோனி" என்பது அமெரிக்க வழக்கில் இறைச்சித் தொத்தல். இத்தாலியத்தில் "பெபெரோனே" குடைமிளகாய், அதன் பன்மையே பெபெரோனி. "மரினாரா" என்ற பெயரில் கடல் இருப்பினும் நேப்பிள்ஸ் மரபிலான பீட்சா மரினாராவில் மீன் இல்லை. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டுமே. பாலெர்மோத் தெருக்களில் விற்கும் "பனெல்லே" கடலைமாவை நீரில் கிளறி ஆறவைத்து, வெட்டிப் பொரித்தது. பஜ்ஜி மாவின் மணம் அறிந்தவருக்கு இது அயல் உணவாகத் தோன்றாது.

ஒவ்வாமை உடையோர்க்கு உறைகளில் உள்ள எழுத்து துணைபுரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஆம் எண் ஒழுங்குவிதி 2014 திசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி 14 ஒவ்வாமைப் பொருள் வகைகளை உட்பொருள் பட்டியலில் தடித்த எழுத்து போன்ற முறைகளால் வேறுபடுத்திக் காட்ட வேண்டும். உணவகங்களும் அத்தகவலைத் தர வேண்டும். நிலக்கடலை "அராகிதி", எள் "ஸேஸமோ", செலரி "ஸேதனோ", பால் "லாத்தே". "த்ராச்சே தி" என்று தொடங்கும் தொடர், அப்பொருளின் எச்சம் கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை. "ஸென்ட்ஸா" என்றால் "இன்றி", "கோன்" என்றால் "உடன்". இவ்விரு சிறு சொற்களையும் மாற்றிப் படிப்பதே மிகப் பெரிய இடர்.

உறவுச் சொற்கள்

இலங்கைத் தமிழில் சமையலறைக்குக் குசினி என்றும் ரொட்டிக்குப் பாண் என்றும் வழங்குவர். இவை போர்த்துக்கேயச் சொற்கள். இத்தாலியத்தில் சமையலறை "குசீனா", ரொட்டி "பானே". இருமொழிச் சொற்களும் இலத்தீனிலிருந்து கிளைத்தவை ஆதலின் இவ்வொற்றுமை. அன்னாசி இத்தாலியத்திலும் "ஆனனஸ்". பேனாவும் பாஸ்தா வகையான பென்னேயும் இறகைக் குறித்த ஒரே இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. யாழ்ப்பாணத்திலிருந்து பாலெர்மோ சென்றவருக்கு இவற்றில் சில முதல் நாளே பழகிய சொற்களாக இருந்திருக்கும்.

தென்னிந்தியாவிலிருந்து மேற்கே சென்ற சொற்களும் உள. இஞ்சி இத்தாலியத்தில் "ட்ஸென்ட்ஸெரோ". இது இலத்தீன், கிரேக்கம், பாலி ஆகியவற்றின் வழியே இஞ்சி, வேர் என்னும் திராவிடச் சொற்களின் கூட்டைச் சென்றடைகின்றது என்பது பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. "மாங்கோ" போர்த்துக்கேயத்தின் வழியே மாங்காயிலிருந்து வந்தது. சர்க்கரை வடமொழியிலிருந்து பாரசீகம், அரபு வழியாகச் சென்று "ட்ஸூக்கெரோ" ஆயிற்று. ஆரஞ்சைக் குறிக்கும் அரான்சாவும் பாரசீகம், அரபு ஆகியவற்றைக் கடந்து வந்தது. அதன் மூலம் நாரத்தை, நாரங்காய் ஆகியவற்றோடு உறவுடைய திராவிடச் சொல்லாகலாம் என்பர். அவ்வாறாயின், பாலெர்மோவில் தமிழர் வாங்கி உண்ணும் அரன்சீனாவின் பெயரிலும் அவ்வேர் உள்ளது.

ரீஸோ என்ற சொல் அரிசியிலிருந்து பிறந்தது என்று தமிழில் அடிக்கடி எழுதப்படுகின்றது. இச்சொல்லின் மூலமான கிரேக்க "ஒருஸா"வைத் தமிழ் அரிசியோடு இணைத்தவருள் கால்டுவெலும் ஒருவர். தற்கால மொழியியலாளர் பலர் அதனைப் பழைய ஈரானிய மொழிச் சொல்லொன்றின் வழியாக, வடமொழி "வ்ரீஹி"யோடு தொடர்புடையதாகக் கொள்கின்றனர். வ்ரீஹியின் மூலம் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. எனவே இஞ்சிக்குச் சொல்லும் உறுதியோடு அரிசிக்கும் சொல்வது தற்போதைய சான்றுகளைக் கடந்து செல்வதாகும்.